தண்ணீர் வருகிற நேரம்: ஒரு வீட்டில் அடி நின்றது எப்படி

அந்தப் பையன் சப்பணம் போட்டு உட்காரவில்லை. முதலில் கண்ணில் பட்டது அதுதான். மதியச் சாப்பாட்டுக்கு மற்ற பிள்ளைகள் எல்லாம் தட்டை முன்னால் வைத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்க, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வலது காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தபடி சாப்பிட்டான். சத்துணவுக் கூடத்து அக்கா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் முட்டை வைக்கும்போது குனிந்து, "ஏன்டா, காலு சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் டிராயரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

அக்கா வகுப்பு ஆசிரியரிடம் சொன்னார். "இவங்க வீட்டு விஷயத்துல நாம தலையிட்டா நாளைக்குச் சண்டைக்கு வந்து நிப்பாங்க" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பள்ளிக்கு வெளியே வந்து, தன் போனிலிருந்தே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போட்டார். இந்த வழக்கில் நல்லது ஏதாவது நடந்தது என்றால் அது அங்கேதான் ஆரம்பித்தது. எட்டாயிரம் பத்தாயிரம் சம்பளம் வாங்குகிற ஒரு பெண், தனக்கு வேலையே போகலாம் என்று தெரிந்தும் செய்த காரியம் அது.

குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிற நான் அந்தக் குடும்பத்தோடு பதினான்கு மாதம் வேலை செய்தேன். ஆள் பெயர், தெருப் பெயர் எதுவும் இதில் வராது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் விவரங்களைக் கலந்து, யார் என்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, நகரத்துக் குடிசைகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்குமாடிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்று. அவ்வளவு போதும்.

காயம்

வலது தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்கு நாலு விரல் மேலே, தோசைத் திருப்பியின் முனை அச்சு வைத்தாற்போல இருந்தது. ஒரு வாரப் பழசு. மேலே பற்பசை தடவிக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. (பற்பசை, இங்க், மாவு எதையும் சூட்டுப் புண்ணில் தடவக் கூடாது. இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டினால் போதும். ஆனால் அந்த வீட்டில் குழாயில் தண்ணீர் எப்போது ஓடியது என்பதுதான் இந்தக் கதையே. அதற்குப் பிறகு வருகிறேன்.)

"அடுப்புகிட்ட போய் இடிச்சிக்கிட்டான்" என்றார் அம்மா. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் மருத்துவர்கள் புண்ணின் ஓரத்தைப் பார்ப்பார்கள். தானாகப் பட்ட சூடு என்றால் பட்ட மறுகணமே உடம்பு விலகிவிடும். அதனால் ஓரம் கலைந்து, ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருக்கும். பிடித்து வைத்துப் போட்ட சூடு என்றால் பொருளின் வடிவம் முழுசாக, எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் விழுந்திருக்கும். அடிபட்ட கன்றலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முழங்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் கன்றல் சகஜம். காது, கழுத்து, வயிறு, உள்தொடை என்றால் நின்று யோசிக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். போட்டார்கள். விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது போலீசுக்கும் தெரிந்த விஷயம். சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் எடுத்தார்கள். ஏனென்றால் அங்கே வைத்துத்தான் பையன் படுக்கையில் சிறுநீர் போகிறான் என்பது தெரிந்தது. அதைக்கூட அவன் சொல்லவில்லை. நர்ஸ் அவன் புத்தகப் பையை நகர்த்தியபோது கனமாக இருந்திருக்கிறது. திறந்தால் நோட்டுகளுக்கு நடுவே நனைந்த போர்வை ஒன்று, நாலாக மடித்து. காலையில் அம்மா எழுவதற்குள் சுருட்டிப் பைக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய், யாரும் இல்லாத நேரம் சுற்றுச்சுவருக்குப் பின்னால் காயப்போட்டு, சாயந்திரம் எடுத்து வருவானாம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "காலாண்டு லீவ் முடிஞ்சதுலேர்ந்து" என்றான். அப்போது மார்கழி.

அந்த வீடு

அம்மாவுக்கு இருபத்தேழு வயது. ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்டர் மூலம். பிடித்தம் போகக் கைக்குப் பதினோராயிரம். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் ஆறேகாலுக்குத் திரும்புவார். பத்து நிமிடம் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். கணவர் சென்டரிங் வேலைக்குப் பெங்களூரு பக்கம் போனவர். சில மாதம் பணம் வரும், சில மாதம் போனே வராது. பையனுக்கு எட்டு வயது, தங்கைக்கு மூன்று. நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் அவன் பால்வாடியில் போய்த் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அம்மா வரும்வரை இரண்டேகால் மணி நேரம் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதில்.

இங்கே வருவதற்கு முன் அவர்கள் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவம் கரையோரம் இருந்தார்கள். வீடு என்று சொல்ல ஒன்றுமில்லை, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். ஆனால் நாலு வீடு தள்ளி ஆயா இருந்தார், அம்மாவைப் பெற்றவர். மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிற வேலை, மதியம் ஒன்றரைக்கெல்லாம் முடிந்துவிடும். பிள்ளை பள்ளி விட்டால் நேராக ஆயா வீடு. அம்மாவுக்குக் கோபம் வந்தால் ஆயா குறுக்கே வந்து நிற்பார், "ஏய், கைய எடு. புள்ளையப் பெத்தியா, பேயப் பெத்தியா?" என்று ஒரு சத்தம். மாடி வீடு, கக்கூஸ், கரண்ட் மீட்டர் எல்லாம் கொடுத்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்தபோது, அந்தச் சத்தத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஒதுக்கீட்டு ஆணையில் அப்படி ஒரு பத்தி கிடையாது.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் குடியிருப்புகளின் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிற ஊர் இது. பிள்ளையை அடிப்பது இங்கே மட்டும் நடக்கிற காரியம் இல்லை. மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியாக அடிபட்டவர்கள். தமிழ்நாடு அந்த 13இல் இல்லை என்று நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த ஊர்தான் நம்முடையது. தமிழ்நாடு கல்வி விதிகளில் பிரம்புக்கு இடம் கொடுத்த 51ஆம் விதியை 2003இல்தான் திருத்தினார்கள். அண்ணா நகரில் மூன்று பெட்ரூம் ஃப்ளாட்டில் விழுகிற அடி பக்கத்து வீட்டுக்குக் கேட்பதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

குழு

1098 என்பது 1996இல் மும்பையில் ஒரு தொண்டு முயற்சியாக ஆரம்பித்தது. 2023இலிருந்து அரசே நடத்துகிறது. அழைப்பு வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வருவார்கள். குழந்தையை எடுத்து வந்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம். ஆனால் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. "புள்ளையப் புடுங்கிக்கினு போற ஆபீஸ்" என்பதுதான் அவர்கள் அறிந்தது.

அம்மா அன்று வேலைக்குப் போட்டுக்கொண்டு போன யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்திருந்தார். கேட்ட எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்". கடைசியில் ஒரு உறுப்பினர், "நீங்க சாப்டீங்களாமா?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதார். சூடு வைத்ததை ஒப்புக்கொண்டதும் அதற்குப் பிறகுதான்.

என்னோடு வேலை செய்கிற ஒருவர் போலீஸ் வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சூடான பொருளால் காயம் உண்டாக்குவது தண்டனைச் சட்டத்தில் குற்றம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே கொடுமை செய்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. என் வாதம் வேறு. அம்மா உள்ளே போனால் இரண்டு பிள்ளையும் ஹோமுக்குப் போகும், அண்ணன் ஒரு ஹோம், தங்கை ஒரு ஹோம். இதே சட்டம்தான் விடுதியில் சேர்ப்பது கடைசி வழி, குடும்பத்துக்குத்தான் முதல் பொறுப்பு என்றும் சொல்கிறது. இரண்டு பேருமே குழுவின் முன் பேசினோம்.

முடிவு குழுவுடையது. ஆயா மூன்று வாரம் லீவு போட்டு இங்கே வந்து தங்குவது. அதற்குள் சமூக விசாரணை அறிக்கை. பிறகு மேற்பார்வையோடு வீட்டிலேயே வைத்திருப்பது. இன்னொரு சூடு விழுந்தால் பிள்ளைகள் ஆயாவிடம் போவார்கள், வழக்கும் பதிவாகும். அம்மா கையெழுத்துப் போட்டார்.

வீணாய்ப் போன ஐந்து வாரம்

இனி வருவது என் தப்பு. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த வீட்டில் இறக்கினேன். அடிப்பதால் மூளை வளர்ச்சிக்கு என்ன ஆகும், கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள், நல்லது செய்தால் பாராட்டுங்கள். படுக்கை நனையாத நாளுக்கு ஒரு ஸ்டார் ஒட்டுகிற அட்டை ஒன்றும் சுவரில் மாட்டினேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பிவிடுவேன், சனிக்கிழமைதான் போவேன். அந்த வீட்டின் சாயந்திரத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆயா திரும்பிப் போன இரண்டாவது வாரம் பையனின் முதுகில் விளக்குமாற்றின் தடம். சூடு இல்லை, ஆனாலும் அடி.

அந்த ஸ்டார் அட்டை இருக்கிறதே, அது இன்னும் மோசம். தூக்கத்தில் போகிற சிறுநீர் குழந்தையின் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைத்தால் ஒவ்வொரு காலிக் கட்டமும் அவனைக் குத்துகிற விரல்தான். ஏழு வயதில் நூற்றில் ஐந்திலிருந்து பத்துக் குழந்தைகள் படுக்கையில் போவார்கள், பெரும்பாலும் அது தானே நின்றுவிடும். இவனுக்கு ஒருமுறை நின்று, வீடு மாறியபின் திரும்ப ஆரம்பித்தது. அப்படி வந்தால் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, மனதில் என்ன பாரம் என்று தேட வேண்டும். வேறு யாராவது அவனிடம் தவறாக நடந்துகொண்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒரே ஒருமுறை, அவசரப்படாமல் கேட்டார். அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் போக்சோ சட்டத்தில் சொல்லாமல் இருக்க எங்களுக்கு உரிமையே கிடையாது.

காலண்டர்

ஆறாவது வாரம் அட்டையைக் கழற்றிவிட்டு, சுவரில் தொங்கிய மளிகைக் கடை தினசரிக் காலண்டரை எடுத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்தேன். ஏன் அடித்தீர்கள் என்று கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டேன். நினைவில் இருந்ததை எல்லாம் சொன்னார். தீபாவளிக்கு முந்தின நாள், சம்பளம் வராத வியாழக்கிழமை, தங்கைக்கு ஜுரம் வந்த மறுநாள். ஒவ்வொன்றுக்கும் மணி கேட்டேன். ஆறரை, ஏழு, ஆறே முக்கால். இரண்டைத் தவிர எல்லாமே ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே.

"ஆறரைக்கு என்னா?"

"தண்ணி வரும்கா."

மேடம் அக்காவானது அன்றைக்குத்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். மேலே ஏறாது, கீழே வந்து பிடிக்க வேண்டும். லிஃப்ட் ஓடுகிற நாள் குறைவு. ஐந்தாவது மாடிக்கு எட்டு குடம். வேலையிலிருந்து வந்ததும் புடவையை மாற்றக்கூட நேரமில்லாமல் வரிசைக்கு ஓட வேண்டும். பிந்தினால் கடைசி, கடைசியில் நின்றால் நூல் மாதிரி வரும். அந்த எட்டில் மூன்று குடம், பையன் நனைத்த ஜமக்காளத்துக்கும் போர்வைக்கும் போய்விடும். மூன்று குடத்தைச் சுமந்து ஐந்து மாடி ஏறி வந்து, கதவைத் திறந்தால், மூலையில் அந்த வாடை. "தண்ணி வர்ற நேரத்துல எனக்குப் பேய் புடிச்சிக்கும்கா. அவன் மூஞ்சியப் பாத்தா மூஞ்சி தெரியாது, கொடந்தான் தெரியும்."

அடித்தால் பயம். பயந்தால் இரவில் இன்னும் போவான். போனால் இன்னும் துவைக்க வேண்டும். நான் பத்து வரை எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் எட்டு வரை எண்ணிக்கொண்டிருந்தார்.

எதிர்வீடு

மருந்துக் கடையில் ஒரு ரப்பர் ஷீட் வாங்கினோம். ஜமக்காளத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, ஷீட்டின் மேல் பழைய லுங்கி ஒன்று, மாற்ற இன்னொன்று. லுங்கியை அலச அரைக் குடம் போதும். பதினான்கு மாத வேலையில் மிகவும் பலன் கொடுத்தது அந்த ரப்பர் ஷீட்தான் என்று சொன்னால் எங்கள் ஆபீசில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற பெரியம்மா ஒருவர். மூட்டு வலி, படி இறங்க முடியாது. குடம் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கும் நாலு குடம் ஏற்றுவது, பிள்ளைகள் நாலு மணியிலிருந்து அவர் வீட்டில் இருப்பது என்று பேச்சு. நான் பேசவில்லை, ஆயா வந்து பேசினார். அதுதான் சரியும்கூட. நான் பேசியிருந்தால் தர்மக் கணக்காகியிருக்கும், ஆயா பேசியதால் கொடுக்கல் வாங்கல் ஆயிற்று. அடுத்த மாதமே பெரியம்மா பையனுக்கு மாவுப் பாக்கெட்டில் ரப்பர் பேண்ட் போடுகிற வேலை கொடுத்தார். முதலில் எனக்கு நெருடியது, குழந்தை வேலை ஆகிவிடுமோ என்று. பிறகு பார்த்தால் அவன் ரப்பர் பேண்ட் போட்டதைவிட அதைச் சுட்டு விளையாடியதுதான் அதிகம்.

அதே மாடியில் ஐந்து பெண்கள் சேர்ந்து குடங்களுக்கு நிறப் பெயின்ட் கோடு போட்டு, முறை வைத்து வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். யார் முதலில் வேலையிலிருந்து வருகிறாரோ அவர் ஐந்து வீட்டுக் குடத்தையும் வரிசையில் வைப்பார். இது எங்கள் யோசனை இல்லை. மாடியில் ஏற்கெனவே சீட்டுப் பிடிக்கிறவர்கள் அவர்கள், அந்தக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. இந்தப் பெண்களிடம் நாங்கள் சொன்னது ஒன்றுதான். அந்த வீட்டில் சத்தம் கேட்டால் கதவைத் தட்டுங்கள், திட்ட வேண்டாம், "சக்கரை இருக்கா?" என்று கேளுங்கள். அடிக்கிற கைக்கு ஒரு நிமிட இடைவெளி போதும். கூவம் கரையில் ஆயா போட்ட சத்தத்துக்கு இங்கே ஒரு டம்ளர் சர்க்கரை.

ஆயா வியாழன் இரவு வந்து வெள்ளிக்கிழமை தங்குவார். வெள்ளியன்று மீன் வியாபாரம் டல். சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவும் கிடையாது, ஒன்றரை மணி நேர உட்கார்வுதான்.

பண உதவி பெரிதாகக் கிடைக்கவில்லை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. ஆனால் நகரத்தில் குடும்ப வருமானம் வருடம் 96,000க்கு மேல் போகக் கூடாது. மாதம் பதினோராயிரம் வாங்குகிற இவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையும் கிடைக்கவில்லை. அது ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான், இவருடைய ரேஷன் கார்டு இன்னும் மாமியார் வீட்டோடு இருந்தது. தனிக் கார்டு வாங்கும் அலைச்சலை இங்கே எழுதினால் அதுவே தனி ஆய்வாகும்.

கோபம் எந்த மாடி?

பையனுக்கு வாரம் ஒருமுறை ஆலோசகர். பயந்து வளர்ந்த குழந்தைகளிடம் முதலில் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். வழக்கமாகத் தெர்மாமீட்டர் படம் காட்டுவார்கள். இவனுக்கு அது ஓடவில்லை. அவனுக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான், "காண்டாவுது". எதற்கும் அதுதான். பயமா, காண்டு. அழுகையா, காண்டு. ஆலோசகர் பேப்பரில் அவன் பிளாக்கை வரைந்து, "இப்ப காண்டு எந்த மாடில நிக்குது?" என்று கேட்டார். உடனே சொன்னான், "மூணு. லிஃப்ட்ல ஏறின்னு இருக்கு."

அது அப்படியே வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து நான் போயிருந்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, தங்கை அழுதாள், போன் அடித்தது. அம்மா திரும்பி, "டேய், நான் நாலாவது மாடிக்கு வந்துட்டேன். பாப்பாவ இட்டுக்கினு பெரிம்மா வூட்டுக்குப் போ" என்றார். அவன் எந்தப் பதற்றமும் இல்லாமல், ஏதோ கடைக்குப் போகச் சொன்னாற்போல, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

சிகிச்சையில் கஷ்டமான பகுதி அம்மாவுடையது. காயம் செய்தவர் வாயாலேயே, தப்பு உன்னுடையது இல்லை என்று குழந்தை கேட்க வேண்டும். மூன்று வாரம் ஆலோசகரோடு உட்கார்ந்து பழகினார். ஒவ்வொரு முறையும் "ஆனா நீ ஒழுங்கா இருந்திருந்தா" என்று ஒரு வால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் தன் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பளபளத்த தழும்பு. எட்டணா திருடியதற்கு அவருடைய அப்பா வைத்தது. "எனக்கு யாரும் சொல்லலியே, தப்பு உன்னுது இல்லன்னு." அடிபட்டு வளர்ந்தவர்கள் எல்லாரும் அடிப்பதில்லை, பெரும்பாலானவர்கள் அடிப்பதில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டே இராத வாய்க்கு அது சுலபத்தில் வராது. நாலாவது வாரம் பையனிடம் சொன்னார். "சூடு வச்சது தப்பு. மூச்சா போறது உன் தப்பு இல்ல." அவன் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான், "அப்ப பையில வச்சின்னு போனது?" "அதுவும் இல்லடா."

அவருக்கும் தூக்கம் இல்லாமல், சாகலாமா என்று தோன்றுகிற இரவுகள் இருந்தன. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை எழுதினார்கள். ஆறு மாதம் சாப்பிட்டார்.

எல்லா வீட்டுக்கும் இது ஆகாது

இந்த வழி எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலியல் கொடுமை என்றால் மேற்பார்வையில் வீட்டில் வைத்திருப்பது என்ற பேச்சே இல்லை. கைக்குழந்தைக்குத் தலையில் அடி, எலும்பு முறிவு என்றாலும் அப்படித்தான். இரண்டு வயதுக்குள் சந்தேகம் வந்தால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுப்பது அதற்காகத்தான், பழைய முறிவுகள் தெரியும். அடித்தவர் கடைசிவரை மறுத்தாலும், குழந்தையின் மேலேயே பழி போட்டாலும் நான் வீட்டுக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். இந்த அம்மா ஒப்புக்கொண்டார். காலண்டரைப் பார்த்து மணி சொன்னார். குறுக்கே நிற்க ஓர் ஆயா இருந்தார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் என்னோடு வாதாடியவர் பக்கம்தான் நான் நின்றிருப்பேன்.

அடி விழுவதற்கு முன்பே வீட்டுக்குள் ஆள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரத்தில், 1970களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் ஆரம்பித்தது. ஏழை இளம் பெண்களுக்கு முதல் பிரசவத்துக்கு முன்பிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை நர்ஸ் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். பதினைந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, அந்த வீடுகளில் குழந்தைக் கொடுமைப் புகார்கள் மற்ற வீடுகளில் இருந்ததில் ஏறக்குறையப் பாதி அளவுக்குத்தான் இருந்தன. நமக்கு நர்ஸைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கர்ப்பத்தைப் பதிகிற செவிலியர் இருக்கிறார், பால்வாடி அக்கா இருக்கிறார். அவர்கள் எடை பார்க்கிறார்கள், தடுப்பூசி கேட்கிறார்கள். "சாயந்திரம் உனக்கு யார் துணை?" என்று கேட்க அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

பதினான்காம் மாதம்

அந்த ஏற்பாடுகளுக்குப் பிறகு ஒரு வருடத்தில் அம்மா இரண்டு முறை கை நீட்டியிருக்கிறார், இரண்டு அறை. இரண்டையும் அவரே போன் செய்து சொன்னார். சூடு விழவில்லை. படுக்கை நனைவது வாரத்துக்கு ஒருநாள் என்று குறைந்து, மழைக்காலத்தில் திரும்ப நாலு நாளானது, தையில் மறுபடி குறைந்தது. பையன் இப்போது நாலாம் வகுப்பு. காலையில் ஷீட்டைத் தானே துடைத்து, வராந்தாக் கம்பியில் இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறான். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவன் பையில் இப்போது புத்தகம்தான் இருக்கிறது, கொஞ்சம் ரப்பர் பேண்டும்.

மேற்பார்வையை முடிக்கலாம் என்று குழுவுக்குக் கடைசி அறிக்கை எழுதப் போன அன்று பெரியம்மா ஒரு செய்தி சொன்னார். மகன் கோவிலம்பாக்கத்தில் தரைத்தளத்தில் வீடு பார்த்துவிட்டானாம், மூட்டுக்கு அதுதான் நல்லது, வைகாசியில் போய்விடுவார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இரண்டாவது வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் சாயந்திரம் வீட்டில்தான் இருக்கிறாராம், கைக்குழந்தைக்காரி, அவருக்கும் தண்ணீர் ஏற்ற ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை ஆயா இருக்கும்போது பேசுவதாக இருக்கிறது.